நடுவுலதான் வெட்டினான், நானே பாத்தேன்

கயிறு வித்தை கற்றுக்கொள்கிறேன் என்று யாரிடமாவது சொன்னால் போதும், உடனே வரும் கேள்வி ஒன்றுதான். “கயிறு தானா மேல போய் நிக்குமே, ஒரு பையன் ஏறிக் காணாமப் போவானே, அதுவா?”

அதை நேரில் பார்த்த ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. பார்த்த மாமாவைத் தெரிந்தவர்கள் நிறையப் பேரைச் சந்தித்திருக்கிறேன்.

அந்தக் கதைக்கு வயது அதிகம். பிரம்ம சூத்திரத்துக்கு உரை எழுதிய ஆதிசங்கரர், கயிற்றைப் பிடித்து வானத்தில் ஏறுவதாகத் தெரியும் மாயாவி வேறு, தரையில் நிற்கும் நிஜ மாயாவி வேறு என்று ஓரிடத்தில் உவமை சொல்கிறார். 14ஆம் நூற்றாண்டுப் பயணி இபன் பதூதா, நீண்ட வார் கட்டிய ஒரு பந்தை ஒருவன் மேலே வீசியதையும், அந்த வாரைப் பிடித்து ஒரு பையன் ஏறி மறைந்ததையும் எழுதியிருக்கிறார். ஆனால் அவர் அதைப் பார்த்ததாகச் சொல்வது சீனாவின் ஹாங்சௌ நகரத்தில். ‘இந்தியக் கயிறு வித்தை’ என்ற பெயரோடு உலகம் முழுக்கப் பரவியதற்குக் காரணம் 1890இல் சிகாகோ டிரிப்யூன் நாளிதழில் வந்த ஒரு கட்டுரை. எழுதியவர் ஜான் எல்பர்ட் வில்கி. சில மாதங்கள் கழித்து அது கட்டுக்கதை என்று அந்த நாளிதழே ஒப்புக்கொண்டது. மறுப்பை யார் படிக்கிறார்கள்? கதை கப்பலேறிப் போய்விட்டிருந்தது. பொய்க்கட்டுரை எழுதிய வில்கி பிற்பாடு அமெரிக்க சீக்ரெட் சர்வீஸுக்கே தலைவரானார் என்பது தனிக்கதை. 1930களில் லண்டன் மேஜிக் சர்க்கிள் என்ற வித்தைக்காரர்கள் சங்கம், திறந்தவெளியில் அந்த வித்தையைச் செய்து காட்டுபவருக்கு 500 கினி (525 பவுண்டு) பரிசு என்று அறிவித்தது. பரிசு யாருக்கும் போகவில்லை.

நான் கற்றது அதுவல்ல. ஓர் ஆள் உயரக் கயிறு, ஒரு கத்தரிக்கோல், அவ்வளவுதான். கயிற்றை நடுவில் வெட்டி இரண்டாக்கி, முடிச்சுப் போட்டு, அப்புறம் முடிச்சைக் காணாமல் அடித்துப் பழையபடி ஒரே கயிறாகக் காட்டுவது. மேஜிக் பழகுபவர்கள் சீட்டுக்கட்டுக்கும் நாணயத்துக்கும் அடுத்தபடியாகத் தொடுவது இதைத்தான்.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் மேஜிக் தொழில்காரர் இல்லை, ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர். சாமியார்களின் வித்தைகளை அம்பலப்படுத்தும் ‘மந்திரமா தந்திரமா’ நிகழ்ச்சிகள் ஊர் ஊராக நடந்த காலத்தில் கடலூர், பண்ருட்டி, நெல்லிக்குப்பம் பக்கமெல்லாம் பள்ளி மைதானங்களில் செய்து காட்டியவர். கையிலிருந்து விபூதி கொட்டுவது, நாக்கில் கற்பூரம் ஏற்றுவது எல்லாவற்றையும் செய்துவிட்டு, கடைசியில் எப்படிச் செய்தேன் என்று விளக்கிவிட்டு மேடையிறங்குவார். அந்த வரிசையில் கயிறும் ஒன்று. யாரும் கயிற்றை வெட்டி ஒட்டிச் சாமியார் ஆனதாகக் கேள்விப்பட்டதில்லையே, இது எதற்கு சார் என்று கேட்டேன். “கண்ணு எவ்வளவு சுலபமா ஏமாறும்னு காட்ட இதைவிடச் செலவு கம்மியா ஒண்ணு கிடையாதுப்பா” என்றார்.

வித்தையைச் செய்துவிட்டு ரகசியத்தையும் சொல்வதில் அவருக்கு ஒரு பெரிய முன்னோடி உண்டு. இங்கிலாந்தில் சூனியக்காரிகள் என்று பட்டம் கட்டிப் பெண்களைத் தூக்கிலிட்டுக்கொண்டிருந்த காலத்தில், ரெஜினால்ட் ஸ்காட் என்பவர் அதை எதிர்த்து 1584இல் ஒரு தடித்த புத்தகம் போட்டார். அதில் ஒரு பகுதி முழுக்கக் கண்கட்டு வித்தைகளின் செய்முறை. இவ்வளவையும் கைப்பழக்கத்தால் செய்ய முடியும்போது பிசாசை எதற்கு இழுக்கிறீர்கள் என்பது அவர் வாதம். ஒரு நாடாவை நடுவில் வெட்டி மறுபடி முழுசாக்குவது எப்படி என்று அந்தப் புத்தகத்திலேயே இருக்கிறது. ஆக, நானூறு வருஷத்துக்கு மேலாக அச்சில் கிடக்கும் ரகசியம் இது. இதைச் சொல்வதால் யார் பிழைப்பும் கெடாது என்ற தைரியத்தில் நானும் கொஞ்சம் சொல்லப்போகிறேன்.

முதலில் கயிறு. இதில்தான் பாதிப் பேர் கைவிட்டுப் போகிறார்கள் என்று நினைக்கிறேன்.

துறைமுகம் இருக்கிற எங்கள் கடலூரில் கயிறுக்கா பஞ்சம் என்று லாரன்ஸ் ரோட்டில் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினேன். நைலான் கயிறு மலைமலையாக இருக்கிறது, பச்சையும் நீலமும் ஆரஞ்சுமாக. அது வித்தைக்கு ஆகாது. வளைத்தால் வளைந்த இடத்தில் நிற்காமல் நிமிர்ந்துகொள்ளும், முடிச்சு வழுக்கும். தேங்காய் நார்க் கயிறு கையைக் கிழிக்கும், வெட்டினால் தும்பு பறக்கும். வேண்டியது வெள்ளைப் பருத்திக் கயிறு, பின்னல் போட்டது, சுண்டுவிரல் தடிமனுக்குக் கொஞ்சம் கம்மி. “என்னத்துக்கு சார், மாட்டுக்கா ஊஞ்சலுக்கா?” என்று கடைக்காரர் கேட்டார். மேஜிக்குக்கு என்றதும் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பரணிலிருந்து ஒரு கண்டை இறக்கினார். தூசி தட்டியதில் இருவரும் தும்மினோம். விலையில் ஒரு ரூபாய் குறைக்கவில்லை.

வாங்கிய கயிற்றை அப்படியே பயன்படுத்த முடியாது. பின்னல் கயிற்றின் உள்ளே ஒரு நூல் கற்றை ஓடும். கயிற்றுக்கு விறைப்பைத் தருவது அதுதான். நுனியைக் கொஞ்சம் விரித்து, உள்ளே இருக்கும் கற்றையை மட்டும் ஒரு கையால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, மேல் பின்னலை இன்னொரு கையால் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போகவேண்டும். முதலில் அசையாது. கொஞ்சம் நகர்ந்ததும் பின்னல் சுருங்கி ஒரு பக்கமாகக் குவியும். குவிந்ததை நீவி விட, மறுபடி தள்ள, மறுபடி நீவ. கடைசியில் உள் கற்றை முழுசாக வெளியே வந்து தரையில் விழும். கையில் மிஞ்சுவது துவைத்துத் துவைத்து நைந்த பனியன் மாதிரி தொளதொளவென்று இருக்கும். மெலிந்து, வாங்கியபோது இருந்ததைவிடச் சற்று நீளமாகவும் ஆகியிருக்கும். இதை எப்படி வளைத்தாலும் கேட்கும், எங்கே விட்டாலும் அங்கே விழும். ரகசியமாக ஒன்று இருக்கிறதென்றால் இதைத்தான் சொல்வேன். உள்கற்றை எடுக்காத கயிற்றில் எவ்வளவு தேர்ந்த கையும் தடுமாறும்.

கத்தரிக்கோலும் லேசுப்பட்டதில்லை. இந்தத் தொளதொளப்பான கயிறு மொட்டைக் கத்தரியில் வெட்டுப்படாமல் மென்று தின்னப்படும். தெருவில் சாணை பிடிப்பவர் வரும் நாளுக்காகக் காத்திருந்து கூராக்கிக்கொண்டேன். வீட்டில் அத்தைக்கு அதில் வருத்தம். விளக்கு வைத்த நேரத்தில் கத்தரி எடுக்கக் கூடாது, வெறுமனே ‘கிச் கிச்’ என்று திறந்து மூடக் கூடாது, ஒருவர் கையிலிருந்து ஒருவர் கையில் நேராகக் கொடுக்கக் கூடாது. கீழே வைத்தால்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அலுவலகம் விட்டு வந்து பழகுகிறவனுக்கு விளக்கு வைத்த பிறகுதானே நேரம்? வெட்டுகிற பகுதியை ஞாயிறு காலைக்குத் தள்ளி வைத்தேன். மற்ற நாட்களில் வெட்டாமலே கையசைவை மட்டும் பழகினேன். இது எனக்குப் பெரிய உபகாரமாகப் போயிற்று, ஏனென்றால் இந்த வித்தையில் வெட்டுவது கஷ்டமே இல்லை. வெட்டுவதற்கு முந்தின ஒரு விநாடிதான் எல்லாம்.

அது இப்படி. கயிற்றின் இரண்டு நுனிகளும் இடது கையில் மேலே நீட்டிக்கொண்டிருக்கும். நடுப்பகுதி கீழே தொங்கும். வலது கை கீழே போய் அந்த நடுவை எடுத்துக்கொண்டு மேலே வந்து இடது கையில் சேர்க்கிறது. பார்ப்பவர்களுக்கு அவ்வளவுதான். உண்மையில் வலது கை மேலே வந்து சேரும் நேரத்தில் நிஜமான நடு விரல்மேல் சரிந்து உள்ளங்கைக்குள் தங்கிவிடும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நுனிக்குக் கொஞ்சம் கீழே இருக்கும் கயிற்றைக் கிள்ளி, அந்த நடுவின் வழியாக ஒரு சின்ன வளையமாக மேலே இழுத்துவிடும். எல்லோரும் ‘நடு’ என்று நம்பிக்கொண்டிருப்பது அந்தப் பொய் வளையத்தை. வெட்டுவது அதைத்தான். வெட்டியபின் கையில் இருப்பது ஏறக்குறைய முழுசான ஒரு கயிறும், அதன் நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு விரல் நீளத் துண்டும். அந்தத் துண்டையே முடிச்சாகப் போட்டால் இரண்டு கயிறுகளைச் சேர்த்துக் கட்டியதாகத் தெரியும். அப்புறம் கயிற்றை இடது கையில் சுற்றிக்கொண்டே வர, முடிச்சு வலது உள்ளங்கைக்குள் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். அது சட்டைப் பைக்குப் போக ஒரு காரணம் வேண்டும். சார் சட்டைப் பையில் சாக்பீஸ் தூள் வைத்திருப்பார். “மந்திரப்பொடி போட மறந்துட்டேனே” என்று கையை விடுவார், முடிச்சு உள்ளே, பொடி வெளியே. ஆசிரியர் என்பதால் அந்தப் பையில் தூள் இருப்பதை யாரும் சந்தேகிக்கவும் முடியாது.

சொல்லக் கேட்டால் ஒரு காபி ஆறுவதற்குள் புரிந்துவிடும். புரிந்ததும் கை செய்யுமா என்றால், செய்யும். ஆனால் செய்வது வெளியே தெரியும். கிள்ளும் அந்த விநாடியில் தோள் லேசாக ஏறும், மூச்சு நிற்கும், பார்வை இடது கையில் போய் உட்காரும். கண்ணாடி முன் பழகியபோது எனக்கு இது எதுவும் தெரியவில்லை. செல்போனில் படம் பிடித்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. கிள்ளும்போதெல்லாம் நான் கண்ணை மூடித் திறக்கிறேன். என் வித்தையை நானே பார்க்கக் கூடாது என்று என் கண்ணே ஏற்பாடு செய்திருக்கிறது! மேஜிக் பழகுகிறவர்களுக்கு இது சகஜமாம். கண்ணாடியை மட்டும் நம்பக் கூடாது என்று சார் முன்னமே எச்சரித்திருந்தார்.

பார்வையை எங்கே வைப்பது என்பது அடுத்த பாடு. எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்தால் அவரும் நம் முகத்தைப் பார்ப்பார். எல்லாப் புத்தகமும் சொல்வது இதைத்தான். அதற்கு ஒரு பேச்சு வேண்டும். இணையத்தில் வெள்ளைக்காரர்கள் இந்த இடத்தில் ஏதோ ஜோக் அடிக்கிறார்கள், அவர்கள் கூட்டம் சிரிக்கிறது. அதைத் தமிழில் சொன்னால் நம்மைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். நான் வேறு ஒன்று பிடித்தேன். இந்த ஊரில் கயிறு என்றால் அப்பர். கல்லோடு சேர்த்துக் கட்டிக் கடலில் தள்ளியும் அவர் கரையேறிய இடம் இன்றைக்கும் கரையேறவிட்ட குப்பம்தான். அதனால் கயிற்றைத் தூக்கிக்கொண்டே, “அப்பரைக் கட்டின கயிறு கடல்ல தானா அவுந்துபோச்சே, அந்த ஊர்க் கயிறுங்க இது” என்று ஆரம்பித்தேன்.

குடும்ப விசேஷம் ஒன்றில் இதைச் சொன்னதும் முன்வரிசையில் இருந்த ஒரு பெரியம்மா பொறுக்கமாட்டாமல், “கயிறு எங்கப்பா அவுந்துது? கல்லுதான் தெப்பமா மிதந்துது. நமச்சிவாயம்னு பாடினாரு, கல்லே மிதந்து வந்துது” என்று திருத்தினார். சுற்றி இருந்தவர்கள் அவர் பக்கம் திரும்பினார்கள். அவர் என் முகத்தையே பார்த்தார். இடது கையை ஒருவரும் பார்க்கவில்லை.

அதிலிருந்து அந்தத் தப்பை வேண்டுமென்றே வைத்திருக்கிறேன். கடலூரில் யாராவது ஒருவர் திருத்தாமல் இருந்ததே இல்லை. பாடலீஸ்வரர் கோவில் பக்கத்துத் தெருக்களில் என்றால் இரண்டு மூன்று பேர் சேர்ந்து திருத்துவார்கள்.

குழந்தைகளிடம் இது பலிக்காது. பெரியவர்கள் பேச்சு வந்த திசையில் பார்ப்பார்கள், குழந்தைகள் எதைப் பார்க்கத் தோன்றுகிறதோ அதைப் பார்ப்பார்கள். தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் ஒரு சாயங்காலம் செய்தபோது ஒரு சிறுமி என் முழங்கைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கோணத்துக்கு எந்த வித்தையும் தாங்காது. போதாக்குறைக்குக் கடல்காற்று. உள்கற்றை இல்லாத கயிறு லேசானது, தொங்குவதற்குப் பதில் பறக்கிறது. கடற்கரையில் இதைச் செய்ய நினைப்பவர்கள் காற்றுக்கு முதுகு காட்டி நிற்கவும். கையைக் காலை ஆட்டி எப்படியோ முடித்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த தம்பியின் காதில் என்னமோ சொன்னாள், இருவரும் சுண்டல் வாங்கப் போய்விட்டார்கள்.

இனி அத்தை கதைக்கு வருகிறேன். கத்தரிக்கோல் விஷயத்தில் அவ்வளவு கண்டிப்பான அத்தை, ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வித்தையைப் பார்த்தார். மறுநாள் பக்கத்து வீட்டம்மாவிடம் சுற்றுச்சுவர் மேல் சாய்ந்துகொண்டு சொல்வது உள்ளே எனக்குக் கேட்டது. “நடுவுலதான் வெட்டினான், நானே பாத்தேன். ரெண்டு துண்டையும் எங்கையில குடுத்தான். இழுத்துப் பாத்தேன். ரெண்டும் தனித்தனி. அப்புறம் ஊதினான், ஒட்டிக்கிச்சு.”

துண்டை நான் அவர் கையில் கொடுக்கவே இல்லை. கொடுத்திருந்தால் அங்கேயே குட்டு வெளிப்பட்டிருக்கும். ஊதவும் இல்லை. கொடுக்கவில்லை என்று அத்தையிடம் இன்றைக்குச் சொன்னாலும் ஒப்புக்கொள்ள மாட்டார். அவர் பொய் சொல்கிறவர் இல்லை. அவருக்கு அது அப்படித்தான் நடந்திருக்கிறது.

கயிறில் ஏறிய பையன் கதைக்கும் இதே நோய் உண்டு. பிரிட்டனைச் சேர்ந்த ரிச்சர்ட் வைஸ்மன், பீட்டர் லமோன்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள், இந்தியக் கயிறு வித்தையைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னவர்களின் வாக்குமூலங்களைச் சேகரித்து ஒப்பிட்டார்கள். பார்த்ததற்கும் சொன்னதற்கும் இடையில் எத்தனை வருஷம் கூடுகிறதோ அத்தனைக்கு வித்தையும் பெரிதாகியிருந்தது. அண்மையில் பார்த்தவர், பையன் ஏறினான், இறங்கினான் என்பார். பல வருஷம் கழித்துச் சொல்பவரிடம் பையன் மறைந்துபோயிருப்பான். இந்த ஆய்வு 1996இல் நேச்சர் இதழில் வந்தது. அத்தை அதைப் படித்ததில்லை, ஆனால் ஒரே இரவில் நிரூபித்துவிட்டார்.

இதைப் புரிந்துகொண்ட பிறகு நான் பழகும் விதமே மாறியது. கிள்ளுவதை இன்னும் வேகமாக்குவதை விட்டுவிட்டேன். பார்த்தவர் நாளைக்குச் சொல்லப்போகும் கதைக்கு இன்று என்ன கொடுத்து அனுப்பலாம் என்று யோசிக்கிறேன். வெட்டுவதற்கு முன் “நடு சரியா இருக்கா பாருங்க, இந்தப் பக்கம் கொஞ்சம் அதிகமோ?” என்று கேட்டுக் கயிற்றை இரண்டு அங்குலம் நகர்த்துகிறேன். அப்போது கையில் இருப்பது நிஜமான நடுதான், கேட்பதும் நேர்மையான கேள்விதான். அதற்கப்புறம் கை மேலே போவதை அவர்கள் பார்த்தாலும் அது ஞாபகத்தில் தங்குவதில்லை. நடுவைத் தாங்களே அளந்து கொடுத்தது மட்டும் தங்கிவிடுகிறது. சாரிடம் செய்து காட்டினேன். மேலே எதுவும் சொல்லாமல், “இப்ப ரகசியத்தைச் சொல்லிட்டு மறுபடியும் செய்” என்றார். அவருடைய பரீட்சை எப்போதும் அதுதான்.

ஞாபகத்தை நம்பாத ஓர் ஆளும் இருக்கிறார். கடலூர் முதுநகரில் உப்பனாற்றுக் கரையோரம், படகுகள் கட்டியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், நிழலில் உட்கார்ந்து கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்த ஒரு பெரியவர். கால் கட்டைவிரலில் வலையை மாட்டிக்கொண்டு, ஊசி போய்வருவது தெரியாத வேகம். சும்மா பேச்சுக் கொடுத்துவிட்டு வித்தையைச் செய்து காட்டினேன். அப்பர் தப்பைச் சொன்னேன், அவரும் திருத்தினார். வெட்டினேன், கட்டினேன், முடிச்சைக் காணாமல் அடித்தேன். கயிற்றை நீட்டினேன்.

அவர் நடுவைப் பார்க்கவே இல்லை. இரண்டு நுனிகளையும் கையில் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“தம்பி, இது பழசு, அழுக்கா இருக்கு. இது இப்ப வெட்டினது, வெள்ளையா இருக்கு.” கொஞ்சம் யோசித்தார். “நுனியில வெட்டிட்டு நடுவுல வெட்டினேன்றியா?”

கயிற்றோடு வாழ்கிறவர் நுனியைத்தான் முதலில் பார்ப்பார். நுனி பிரிந்தால் கயிறே போச்சு என்பது அவர் தொழில். எல்லா வித்தைக்காரரும் கூட்டத்தைப் பார்க்க விடாமல் செய்யும் இடம் எதுவோ அங்கேயே அவர் கண் பழகியிருக்கிறது. எப்படித் திருத்துவது என்றும் அவரே சொன்னார். “ஆரம்பிக்கிறப்பவே ரெண்டு நுனியையும் கொஞ்சம் நறுக்கிடு. ரெண்டும் புதுசாப்பூடும்.” இப்போது அப்படித்தான் செய்கிறேன். ‘பிசிறு தட்டிக்கொள்கிறேன்’ என்று எல்லோர் எதிரிலும் இரண்டு நுனிகளையும் வெட்டிக் கீழே போடுகிறேன். கத்தரி நிஜமாகவே வெட்டும் என்று காட்டியதாகவும் ஆகிறது, கீழே ஏற்கெனவே துண்டுகள் கிடப்பதால் பின்னால் எது விழுந்தாலும் உறுத்துவதில்லை.

ஒரே நஷ்டம் கயிறு. ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய ஒரு சாண் போய்விடுகிறது. ஆள் உயரத்தில் ஆரம்பித்தது இடுப்பளவு வந்ததும் வித்தைக்கு லாயக்கில்லை. பழைய துண்டுகளை அத்தை கறிவேப்பிலைச் செடிக்கு முட்டுக் கட்டப் பயன்படுத்துகிறார். பக்கத்து வீட்டம்மா அதைத் தொட்டுப் பார்த்து, “ஒட்டின இடமே தெரியலையே” என்றாராம்.

அடுத்து மூன்று கயிறு வித்தையில் இறங்கியிருக்கிறேன். நீளம், நடுத்தரம், குட்டை என்று மூன்று கயிறுகள் ஒரே அளவாகி மறுபடி பழையபடி ஆவது. இதில் வெட்டே கிடையாது, அதனால் விளக்கு வைத்த பிறகும் பழகலாம். ஆனால் மூன்றும் ஒரே கண்டிலிருந்து வரவேண்டும், தடிமனோ வெள்ளையோ துளி மாறினாலும் தெரிந்துவிடும். பரணில் இருந்த கண்டு தீர்ந்துபோயிற்று. இனி அந்தச் சரக்கு வராது என்று கடைக்காரர் கைவிரித்துவிட்டார். பாண்டிச்சேரியில் பெரிய மார்க்கெட் பக்கம் கேட்டுப் பாருங்கள் என்றார். ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்றிருக்கிறேன், கையோடு பழைய துண்டு ஒன்றையும் மாதிரிக்கு எடுத்துக்கொண்டு.